அழுகைக் கோச்சியில் ஏறுவதா வேண்டாமா: ட்வைனை வகுப்பில் பாவித்துப் பார்த்தேன்

மலையகத்தில் ஒரு கெம்பஸில் தமிழ் படிக்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்கு, வாசிப்பவரே வழியைத் தெரிவு செய்யும் கிளைக்கதை எழுதப் பழக்குவதற்கு ட்வைன் என்ற மென்பொருளை ஒரு அரையாண்டு பாவித்தேன். கிறிஸ் கிளைமஸ் 2009இல் வெளியிட்டது. இலவசம், பிரவுசரிலேயே ஓடும், கோடிங் தெரியத் தேவையில்லை. ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டால் அது இணைப்பாகி, கதையின் அடுத்த பகுதியை எழுத அதே பெயரில் புதுப் பெட்டி ஒன்று தானாக வந்து நிற்கும். யூனிகோட் தமிழ் பிரச்சினையே இல்லை. ஆனால் பாதிப் பேர் வேர்டில் பாமினி என்ற யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் அடித்துக் கொண்டுவந்து ஒட்டினார்கள், திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை, முதல் வகுப்பு அதை மாற்றுவதிலேயே போனது. (சரி, அது ட்வைனின் பிழையில்லை.)

இதன் அருமை எனக்குப் புரிந்தது ஹட்டன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தியின் கதையில். மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் தலையை எண்ணிப் பிரித்த பிறகு, தாத்தா லயத்து வாசலில் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறார். போவதா, இருப்பதா என்று இரண்டு இணைப்பு. நான் இருப்பதை அழுத்தினேன். நாலைந்து பெட்டி தாண்டி அதுவும், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னார் போகும் ரயிலில், அந்த அழுகைக் கோச்சியிலேயே ஏற்றிவிட்டது. இணைப்பை மாற்றிக் கொடுத்துவிட்டாளோ என்று கேட்டால், "தாத்தாவ யாரு சேர் கேட்டாங்க?" என்கிறாள். சிறுகதையென்றால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருப்பாள், இதில் நம் கையாலேயே அழுத்தி ஏமாற வேண்டியிருக்கிறது. ட்வைன் காட்டும் கதை வரைபடத்தில் எல்லா அம்புக்குறியும் ஒரே பெட்டிக்குப் போவதைப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. பிரவுசரில் எழுதும் கதை அந்தப் பிரவுசருக்குள்ளேதான் கிடக்கும். லேப்பில் யாரோ எல்லாவற்றையும் துடைத்துவிட, ஆறு பேருடைய கதை போய்விட்டது, ஒரு பிள்ளை அழுதே விட்டது. நிபந்தனை வைக்கப் போனால் 'இஃப்', 'செட்' என்று ஆங்கிலக் கட்டளைதான், அங்கே கொஞ்சம் தடுமாறுவார்கள். அதற்காக இன்ஃபோர்ம் 7 என்ற இன்னொரு கதை மென்பொருள் பக்கம் போய்விடாதீர்கள், அதில் ஆங்கில வாக்கியமே கோட், நம் பிள்ளைகளுக்குச் சரிவராது.

கொம்பியூட்டரில் நிறுவும் பதிப்பு இருக்கிறது, அதையே போடுங்கள், கதை டொகியுமென்ட்ஸ் ஃபோல்டரில் சேமிக்கப்படும். பிரவுசர்தான் வழியென்றால் வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஆர்க்கைவ் (எல்லாக் கதையும் ஒரே கோப்பாக) எடுத்துப் பென்டிரைவில் போடச் சொல்லுங்கள், நான் இப்போது அதற்கும் புள்ளி போடுகிறேன்.