மிக்-21 பைசனா, தேஜஸா?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப்படையின் மிக்-21 போர் விமானம் விடைபெற்றது. இன்னும் கொஞ்ச காலம் பறக்க விட்டிருக்கலாம் என்கிறார்கள் பலர். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு.

நாசிக்கில் அரசு விமான நிறுவனமான ஹெச்ஏஎல் மேம்படுத்திய பைசன் என்ற மிக்-21 வகைக்குக் கோப்யோ ரேடார், ஆர்-77 ஏவுகணை எல்லாம் கிடைத்தன. ஆனால் இறக்கை 1950களில் வடிவமைத்ததுதான். மூக்கைத் தூக்கியபடி, மணிக்கு 300 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் தரையிறங்க வேண்டும்; சிறு பிசகுக்கும் இடமில்லை.

இந்தியாவிலேயே உருவாக்கிய போர் விமானமான தேஜஸில் விமானியின் கையசைவைக் கணினி வாங்கிச் சீர்செய்து இறக்கைக்கு அனுப்புகிறது. மிக்-21 ஓட்டிய 45-வது படைப்பிரிவுதான் 2016இல் முதல் தேஜஸ் பிரிவானது.

தேஜஸின் மேம்பட்ட வடிவமான மார்க் 1ஏ தாமதமாவது பெருங்குறைதான். அதற்காகப் பைசனை இழுத்துப் பிடித்திருந்தால், அது விமானிகளுக்குச் செய்யும் அநியாயம்.