ஏஜென்ட் கையில் கூகுள் டிரைவ்: அழிப்பு விளக்கங்கள் எந்த அளவுக்குத் தேறுகின்றன?

கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து உரக்கடை, நெல் மில், பொது சேவை மையம் எதை எடுத்தாலும் சிட்டா, அடங்கல், பில் எல்லாம் ஸ்கேன் ஆகி டிரைவில்தான் குவிகின்றன. அதை, சொன்ன வேலையைத் தானே கருவிகளை இயக்கி முடிக்கும் ஒரு ஏஐ ஏஜென்டோடு இணைத்து, "பழசையெல்லாம் கழிச்சு விடு" என்று சொல்லும் அளவுக்கு இப்போது வந்தாயிற்று. அழித்தால் என்ன ஆகும் என்று தெளிவாகச் சொல்லும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால், நிரல் எழுதுபவர்களுக்கான கூகுளின் ஆவணம் நன்றாகவே தேறுகிறது. ஏஜென்டுக்கும் டிரைவுக்கும் இடையில் நிற்கும் இணைப்புக் கருவிகள் பலவும் தேறவில்லை.

டிரைவ் ஏபிஐயின் (மற்ற நிரல்கள் டிரைவை இயக்கும் வழி) டெலிட் கட்டளை, கோப்பை டிராஷுக்கு அனுப்பாமல் நேரே அழிக்கும். ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே அந்தக் கணக்குக்குச் சொந்தமான அத்தனையும் போகும். இரண்டையும் ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஜிமெயில் ஆவணம் இன்னும் மேல்: மீட்க முடியாது என்பதோடு, டிராஷைப் பயன்படுத்துங்கள் என்று மாற்று வழியையும் அதே இடத்தில் காட்டிவிடுகிறது.

ஆனால் ஏஜென்ட் பொதுவாக அந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை. அதன் முன் இருப்பது கருவியின் பெயர், சிறு விளக்கம், கேட்கும் விவரங்கள், அவ்வளவுதான். விளக்கத்தில் "கோப்பை நீக்கும்" என்று மட்டும் இருந்தால், திரையில் நாம் நீக்குவதைப் போல டிராஷுக்குப் போகும் என்று அது எடுத்துக்கொள்ளும். வேண்டுமானால் டிராஷில் இருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளிக்கு உறுதியும் கொடுத்துவிடும். விளக்கம் இப்படி இருந்தால் போதும்: "கோப்பை நிரந்தரமாக அழிக்கும், டிராஷுக்குப் போகாது, மீட்க வழியில்லை. ஃபோல்டர் என்றால் உள்ளே இருப்பதும் அழியும். வழக்கமான சுத்தத்துக்கு ‘டிராஷுக்கு நகர்த்து’ கருவியை அழை." மீட்க முடியாது என்பது முதல் வரியிலேயே வர வேண்டும்.

டெல்டாவில் இன்னொரு சிக்கல். "போன வருஷத்துது" என்றால் எந்த வருஷம்? அடங்கல், ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டான பசலிக் கணக்கில் வருகிறது. பசலி 1434 என்பது 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. பில்லுக்கு நிதியாண்டு, ஏப்ரலில் தொடங்குகிறது. சம்பாவோ ஆகஸ்டில் நாற்று விட்டு, பொங்கலைத் தாண்டி அறுவடை. ஒரே சம்பாவின் தாள்கள் இரண்டு காலண்டர் ஆண்டுகளில் கிடக்கும். ஆகவே அழிக்கும் கருவிக்குத் தேதி வரம்போ ஃபோல்டர் பெயரோ கொடுக்கவே கூடாது. ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக உள்ள அடையாளக் குறியான கோப்பு ஐடி மட்டும். அதற்கு முன் பெயர், தேதி, இருக்கும் ஃபோல்டர் மூன்றையும் காட்டும் வெள்ளோட்டப் பட்டியல் ஒன்று, எதையும் அழிக்காமல், வர வேண்டும். ஒரே ஊரில் இரண்டு கோவிந்தராஜ் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

விளக்கத்தைவிட அனுமதி கெட்டி. ஜிமெயிலில் ‘மாடிஃபை’ அனுமதி மட்டும் கொடுத்தால் டிராஷுக்கு அனுப்ப முடியும், நிரந்தரமாக அழிக்க முடியாது. அருமையான ஏற்பாடு. டிரைவுக்கு வந்தால், கோப்புகள் தனியாளுக்கு இல்லாமல் குழுவுக்குச் சொந்தமாக இருக்கும் பகிர்வு டிரைவில்தான் இது ஓரளவு சாத்தியம்: ஏஜென்டின் கணக்கை மேலாளராக ஆக்காமல் உள்ளடக்க மேலாளராக வைத்தால், டிராஷோடு அதன் கை நின்றுவிடும். தனிநபர் இலவசக் கணக்கில் பகிர்வு டிரைவ் கிடையாது. சிறு கடைகள் பலவும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. அவர்களுக்கு டெலிட் கருவியையே இணைப்பில் அணைத்து வைப்பதுதான் வழி.

ஏஜென்டுகளைக் கருவிகளோடு இணைக்கும் பொது முறையான எம்சிபி இணைப்புகளில், கருவி எதையாவது அழிக்கக்கூடும் என்று காட்ட ‘டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட்’ என்றொரு குறி உண்டு. எழுதாமல் விட்டாலும் அழிக்கக்கூடியது என்றே கணக்கு. நல்லதுதான், ஆனால் அது குறிப்பு மட்டுமே, தடுக்காது.

உண்மையான ஆபத்து இடப் பற்றாக்குறையில் இருந்து வருகிறது. இலவசக் கணக்கின் 15 ஜிபியில் டிராஷில் கிடப்பவையும் சேர்த்தி. ஏஜென்ட் ஒழுங்காக டிராஷுக்கு நகர்த்திய பிறகும் இடம் காலியாகாது. உடனே "டிராஷைக் காலி பண்ணு" என்று அடுத்த கட்டளை வரும். அந்த அழைப்பு இன்று நகர்த்தியதை மட்டும் அழிப்பதில்லை, டிராஷில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும். நேற்று யாரோ தவறி நீக்கிய பட்டா நகலும் அதில் சேர்த்தி. டிராஷில் 30 நாள் ஆனால் கோப்பு தானே அழிந்துவிடும். அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் பட்டியலைக் கண்ணால் பார்த்துக் கையால் காலி செய்யட்டும். அந்தக் கருவியை ஏஜென்டிடம் தரவே வேண்டாம்.