கொழிஞ்சாம்பாறையில் ஒரு தசைநீட்சி வகுப்பு

நாள் முழுவதும் அமர்ந்து கணக்கெழுதும் எனக்கு எழும்போதெல்லாம் கீழ்முதுகு பிடித்துக்கொள்வதற்கு, நெடுநேரம் மடங்கியே இருக்கும் இடுப்பின் முன்தசைகள் இறுகிவிடுவதும் ஒரு காரணம் என்பதைக் கொழிஞ்சாம்பாறையில் உள்ள இந்த உடற்பயிற்சி நிலையத்தின் மாலை வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் பயிற்றுநர், ஒரு காலை முன்வைத்து மறுமுழங்காலைப் பாயில் ஊன்றச் செய்து, இடுப்பை மெல்ல முன்னே நகர்த்தி, உடலைக் குலுக்காமலும் மூச்சை அடக்காமலும் 30 விநாடி இருக்க வைக்கிறார்; ஊன்றிய காலின் தொடைமேல் அந்த இழுப்பு தெளிவாகத் தெரிகிறது. இழுப்பு வலியாக மாறினால் உடனே தளர்த்தச் சொல்லும் அவருடைய அக்கறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சுவரில் கையூன்றிக் கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சியும் உண்டு. பாய்கள் மட்டும் மிக மெல்லியவை. முழங்காலுக்கடியில் துண்டை மடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடுத்த மாதக் கட்டணத்தையும் செலுத்திவிட்டேன்.