இந்தியானாவா, வர்ஜீனியாவா? பயிற்சியாளர் நாற்காலி கைமாறிய கதை

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கால்பந்தில் எது பெரிய அணி என்று கேட்டால் எல்லோரும் கோப்பைகளைத்தான் எண்ணுவார்கள். அப்படிப் பார்த்தால் 10 தேசிய சாம்பியன் பட்டங்களோடு செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் முதலில் நிற்கும். ஆனால் அது கடைசியாக வென்றது 1973இல். அதற்கு அடுத்து இந்தியானா 8, வர்ஜீனியா 7. இந்த ஒரு கோப்பை வித்தியாசத்தை வைத்து எதையும் முடிவு செய்ய எனக்கு மனமில்லை. அணியை உருவாக்கிய மனிதர் எழுந்துபோன பிறகு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார், அணி என்ன ஆனது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

ஏன் பயிற்சியாளரையே பிடித்துக்கொள்கிறேன் என்றால், கல்லூரியில் ஆட்டக்காரன் நான்கு ஆண்டு இருந்தாலே அதிகம். நன்றாக ஆடுகிறவன் அதற்கும் முன்பே தொழில்முறை கிளப்புக்குப் போய்விடுவான். பணமும் கொஞ்சம்தான். அண்மைக்காலம் வரை ஓர் அணிக்கு 9.9 முழு ஸ்காலர்ஷிப்புக்கு மேல் தரக்கூடாது என்பது விதி. அதை இருபதுக்கும் மேற்பட்ட பையன்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒருவனுக்குப் பாதி, இன்னொருவனுக்குக் கால், பலருக்கு ஒன்றுமே இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்திடம் "உங்கள் மகனை எங்களிடம் அனுப்புங்கள்" என்று பேசிச் சம்மதிக்க வைப்பவர்கள் தலைமைப் பயிற்சியாளரும் அவருடைய உதவியாளர்களும்தான்.

இந்தியானாவில் ஜெர்ரி யேகிலி 1963இல் வந்து சேர்ந்தபோது கால்பந்துக்கு அதிகாரபூர்வ அணி என்ற தகுதியே கிடையாது. மாணவர் கிளப்பாகவே பத்தாண்டு நடத்தி, 1973இல்தான் அந்தத் தகுதியை வாங்கினார். முதல் பட்டம் 1982இல். டியூக் அணியோடு ஆடிய அந்த இறுதிப்போட்டி எட்டுக் கூடுதல் நேரப் பகுதிகளுக்கு இழுத்தது. கிரெக் தாம்ப்சன் அடித்த இரண்டாவது கோலில் 2-1 என்று முடிந்தது. 2003இல் செயின்ட் ஜான்ஸ் அணியை வீழ்த்தித் தன் ஆறாவது பட்டத்தை வாங்கினார் யேகிலி. அதுதான் அவருடைய கடைசி ஆட்டம்.

அடுத்து வந்தவர் மைக் ஃப்ரைடாக். யேகிலியிடம் ஆடியவர், பிறகு அவருக்கே உதவியாளராக இருந்தவர். முதல் சீசனிலேயே, 2004இல், பட்டம் வென்றார். 2009 சீசனோடு அவர் விலக, ஜெர்ரியின் மகன் டாட் யேகிலி 2010இல் பொறுப்பேற்றார். அப்பாவின் இடத்துக்கு மகன் என்றதும் பலருக்குப் புருவம் உயரும். எனக்கு உயரவில்லை. அந்த அணிக்காகவே ஆடியவர், கொலம்பஸ் க்ரூவில் தொழில்முறையாக ஆடியவர், விஸ்கான்சினில் ஓராண்டு தலைமைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு வந்தவர். 2012இல் தேசியப் போட்டிக்குள் 16ஆம் தரவரிசையில் நுழைந்து பட்டத்தையும் எடுத்தார்.

வர்ஜீனியாவுக்கு புரூஸ் அரீனா வந்தது 1978இல். தொடக்கத்தில் லக்ராஸ் (வலை கட்டிய கோலால் பந்தாடும் விளையாட்டு) அணியிலும் உதவிப் பயிற்சியாளர் வேலை பார்த்தார். ஜான் ஹார்க்ஸ், டோனி மியோலா, கிளாடியோ ரெய்னா என்று பின்னாளில் அமெரிக்க தேசிய அணியின் முகங்களானவர்கள் அவர் கையில் வளர்ந்தார்கள். 1989இல் சாண்டா கிளாராவோடு பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு ஆண்டும் அவருக்கே. அதில் நான்காவது இறுதிப்போட்டி இந்தியானாவுக்கு எதிராக, 1-0. தோற்ற அணியில் கடைசி ஆண்டு மாணவராக ஆடியவர் டாட் யேகிலி. இரு அணிகளின் வரலாற்றையும் ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஆட்டத்தைத்தான் சொல்வேன்.

1995 சீசன் முடிந்ததும் அரீனா டி.சி. யுனைடெட் என்ற தொழில்முறை அணிக்குப் போனார். பிறகு அமெரிக்க தேசிய அணியோடு 2002 உலகக் கோப்பைக் காலிறுதி வரை சென்றார். அவர் விட்ட இடத்தில் உட்கார்ந்தவர் ஜார்ஜ் கெல்னோவாட்ச், அவரிடமே ஆடி அவருக்கே உதவியாளராக இருந்தவர். நான்கு பட்டம் தொடர்ந்து வென்றவருக்குப் பின்னால் வருவது எவ்வளவு பாரம்! முதல் பட்டத்துக்கு 2009 வரை காத்திருந்தார். வர்ஜீனியா பொறுத்துக்கொண்டது. இந்தப் பொறுமைக்காகவே அந்தக் கல்லூரியை நான் மதிக்கிறேன்.

நாக்-அவுட் ஆட்டத்தை எப்படி நடத்துவது என்பதில் கெல்னோவாட்சுக்கே என் ஓட்டு. 2009 இறுதியில் ஆக்ரனோடு 0-0, 2014 இறுதியில் யு.சி.எல்.ஏ.வோடு 0-0. இரண்டும் பெனால்டியில் வந்த பட்டங்கள். 2014இல் வர்ஜீனியாவும் 16ஆம் தரவரிசைதான். பின்வரிசையை இறுக்கிக் கட்டி, அவசரப்படாமல், எதிராளியைக் களைக்க வைக்கும் ஆட்டம் அது. பார்க்க அலுப்பாக இருக்கிறது என்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கும். 2019 இறுதியில் மட்டும் ஜார்ஜ்டவுனோடு 3-3 என்று ஆட்டம் கட்டவிழ்ந்து, பெனால்டியில் தோற்றார்கள்.

டாட் யேகிலிக்கோ இறுதிப்போட்டிதான் முட்டுக்கட்டை. 2017இல் அதுவரை தோல்வியே காணாமல் வந்து ஸ்டான்ஃபோர்டிடம் 0-1. 2020 சீசன் கொரோனாவால் தள்ளிப்போய் 2021 மே மாதம் முடிந்தது; அதில் மார்ஷல் பல்கலைக்கழகத்திடம் 0-1. இரண்டுமே கூடுதல் நேரத்தில் வாங்கிய கோல்கள். 2022இல் சிரக்யூஸோடு 2-2, பெனால்டியில் 6-7. இதை வைத்து அவருக்குக் கோப்பை வெல்லத் தெரியாது என்பது அநியாயம். ஆறே சீசனில் மூன்று இறுதிக்கு ஓர் அணியைக் கொண்டுபோவதற்கு எவ்வளவு வேலை இருக்கிறது!

மார்ஷலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கிறிஸ் கிராஸி 2017இல் அங்கே வந்து, வெளிநாட்டு வீரர்களை அழைத்து அணியைக் கட்டினார். நான்காவது சீசனிலேயே பட்டம். 2024இல் மறுபடியும் இறுதிப்போட்டி. வேகத்தில் அவரை யாரும் நெருங்க முடியாது. ஆனால் கிராஸிக்குப் பிறகு மார்ஷல் எப்படி இருக்கும் என்பதற்கு இன்னும் எந்தச் சான்றும் இல்லை.

என் முடிவு இந்தியானா பக்கம். 1987 முதல் 2024 வரை ஓர் ஆண்டுகூட விடாமல் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றிருக்கிறார்கள். அதற்குள் மூன்று தலைமைப் பயிற்சியாளர்கள், மூவரும் பட்டம் வென்றவர்கள். அங்கே ஆடியவர்கள் வேறு இடங்களிலும் பயிற்சியாளர்களாகி நிற்கிறார்கள். 2009இல் வர்ஜீனியாவிடம் தோற்ற ஆக்ரனின் பயிற்சியாளர் கேலப் போர்ட்டர், ஜெர்ரி யேகிலியின் மாணவர். மறு ஆண்டே பட்டத்தை வென்றார். 2024இல் ஒஹையோ ஸ்டேட்டை அரையிறுதிக்குக் கொண்டுவந்த பிரையன் மேசனோவும் இந்தியானாக்காரர்தான்.

வர்ஜீனியாவில் 1978க்குப் பிறகு நாற்காலி கைமாறியது ஒரே ஒரு முறை. கெல்னோவாட்ச் 1996 முதல் அங்கே இருக்கிறார். இதற்கிடையே பழைய 9.9 கணக்கும் போய்விட்டது. 2025-26 முதல், நீதிமன்றச் சமரசத்தால் வந்த புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகள் 28 பேர் கொண்ட அணியில் எல்லோருக்குமே ஸ்காலர்ஷிப் தரலாம். கெல்னோவாட்சுக்கு அடுத்து வருபவர் இந்தப் புதிய கணக்கோடுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அவரையும் தன் பழைய மாணவர்களிலிருந்தே வர்ஜீனியா எடுக்குமா, எடுத்தால் 2009 வரை காத்திருந்ததுபோல் அவருக்கும் பதின்மூன்று ஆண்டு கொடுக்குமா என்பது தெரிந்த பிறகு இந்த ஒப்பீட்டை மறுபடி எடுத்துப் பேசலாம்.