தேய்ந்த எழுத்துரு வாங்குவதா, எழுத்தை நாமே தேய்ப்பதா?

நெடுஞ்சாலை ஓரம் கருப்பட்டிக் காப்பிக் கடை போட்ட நண்பன், "மாப்ள, போர்டு புதுசா தெரியக்கூடாது. தாத்தா காலத்துலேர்ந்து இங்கேயே கிடக்குற மாதிரி இருக்கணும்" என்றான். தடித்த எழுத்து, மை விட்டுப்போன கீறல், பெயின்ட் உரிந்த திட்டு. இதற்கு இரண்டு வழி. தேய்மானத்தோடேயே வரையப்பட்ட எழுத்துருவில் தட்டுவது ஒன்று. சுத்தமான தடித்த எழுத்துருவில் தட்டிவிட்டுத் தேய்மானத்தை நாமே ஏற்றுவது மற்றொன்று. இரண்டையும் செய்துபார்த்து இரண்டாவதில் நின்றுவிட்டேன்.

முதல் வழி வேகமானது, அதில் பேச்சில்லை. ஆங்கிலத்துக்குக் கூகுள் ஃபான்ட்ஸிலேயே ரூபிக் டிஸ்ட்ரெஸ்டு, பழைய தட்டச்சுப்பொறி வாசனை வேண்டுமென்றால் ஸ்பெஷல் எலீட் என்று இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழில் தேடினால் கை சுருங்கிவிடும். எனக்குக் கிடைத்தது பாமினி விசைப்பலகைக்குச் (யூனிகோடுக்கு முந்தைய தட்டச்சு முறை) செய்த பழைய எழுத்துரு ஒன்று.

அதில் "கருப்பட்டிக் காப்பி" என்று தட்டியதும் சிக்கல் தெரிந்துவிட்டது. பத்து எழுத்தில் ப நான்கு முறை, க மூன்று முறை, ட இரண்டு முறை. நான்கு ப-விலும் இடது காலில் அதே கீறல், அதே இடத்தில். 'ப்ப' பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது, ஒரே சட்டையில் ஒரே இடத்தில் கிழிசல் போட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தது. மர எழுத்துக் கட்டைகளில் அச்சடித்த காலத்தில் நான்கு ப வேண்டுமென்றால் நான்கு தனிக் கட்டை வேண்டும். ஒவ்வொன்றும் வேறு இடத்தில் அடிபட்டிருக்கும். நம் கண் அதற்குப் பழகியது. ஒரே வடு திரும்ப வந்தால் பொய் என்று உடனே கண்டுபிடித்துவிடும்.

ஆங்கில எழுத்துருக்காரர்கள் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டு இடத்திலும் ஒரே வடிவத்தை வைத்து, கீறலை மட்டும் மாற்றிவிடுவார்கள். ஒன்றுவிட்டு ஒன்று ஷிஃப்டை அழுத்தினால் போதும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது. போதாததற்கு க்க, ட்ட, ப்ப, த்த என்று இரட்டிக்காமல் நமக்கு வாயும் திறக்காது. இன்றைய எழுத்துருக் கோப்பு வடிவமான ஓப்பன்டைப்பில் மாற்று வடிவங்களை முறை வைத்துச் சுழற்ற வழி உண்டு. ஆனால் அந்த உழைப்பு என் கையிலிருந்த எழுத்துருவில் இல்லை.

அடுத்தது புள்ளி. தேய்மானத் திட்டோடு திட்டாகப் புள்ளியும் கரைந்துவிட்டால் 'காபபி' ஆகிவிடும். இந்த இரண்டு வார்த்தையில் மட்டும் நான்கு புள்ளி.

இரண்டாவது வழிக்கு அனெக் தமிழ் என்ற சுத்தமான எழுத்துருவை எடுத்தேன். மும்பையின் எக் டைப் நிறுவனம் 2022-இல் வெளியிட்டது. தடிமனும் அகலமும் இஷ்டத்துக்கு மாற்றலாம், திறந்த உரிமம் என்பதால் வணிக வேலைக்கும் தயங்க வேண்டாம். பலூ தம்பி எழுத்துருவையும் போட்டுப் பார்த்தேன். அழகுதான், ஆனால் கொழுகொழுவென்று சிரிக்கிற முகம். கிழவனாக்க மனசு வரவில்லை.

தேய்மானத்துக்கு மென்பொருள் தூரிகையை நம்பவில்லை. லேசர் பிரிண்டரில் ஏ4 முழுக்கக் கறுப்பாக அடித்து, தாளைக் கசக்கி, பிரித்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தேன். டோனர் (லேசர் பிரிண்டரின் மைப்பொடி) மடிப்பு மடிப்பாக உதிரும். (இங்க்ஜெட்டில் இது நடக்காது, மை தாளுக்குள் ஊறிவிடும்.) அதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கறுப்பு வெள்ளையாக்கி, எழுத்தின்மேல் முகமூடியாகப் போட்டேன், அதாவது வெள்ளை விழுந்த இடத்தில் எழுத்து மறைந்துவிடும். கீறல் இப்போது ஓர் எழுத்தோடு நிற்காமல் பலகை முழுக்க ஒரே வீச்சில் ஓடுகிறது. ப-வில் தொடங்கி ட-வில் முடிகிற கீறலை எந்த எழுத்துருவும் தராது. புள்ளி மாட்டிக்கொள்ளும் இடத்தில் முகமூடியை அரை அங்குலம் நகர்த்தினால் தீர்ந்தது. தலைப்பு பெரிதாக, கீழ்வரி சிறிதாக இருந்தாலும் திட்டின் அளவு ஒன்றுதான். எழுத்துருவிலோ எழுத்தோடு கீறலும் ஊதிப் பெருகும்.

ஃப்ளெக்ஸில் அடிப்பதானால் எந்த வழியானாலும் அச்சு ஓடிவிடும். ஸ்டிக்கர் கட்டிங் என்றால், பொடிப் பொடியான திட்டுகளைப் பிளாட்டர் (ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம்) ஒவ்வொன்றாக வெட்டும். வெட்டியதை உரித்தெடுப்பவர் நம்மைத் திட்டுவார். முகமூடியில் பொடிகளை முன்பே அழித்துவிடலாம். டி-ஷர்ட்டில் ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கும் இதுவே என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அங்கே ஒரே ஒரு முறைதான் செய்திருக்கிறேன், அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

தினமும் வாசகம் மாறும் இடமென்றால், வாட்ஸாப் ஸ்டேட்டஸ், ஒருநாள் போஸ்டர் போல, எழுத்துருவே மேல். யார் வேண்டுமானாலும் தட்டி மாற்றலாம். என் வழியில் ஒரு சொல் கூடினாலும் கோப்பைத் திறந்து முகமூடியோடு மல்லுக்கட்ட வேண்டும். போன வாரம் நண்பன் மறுபடி கூப்பிட்டான், பலகையில் "சுக்கு மல்லிக் காப்பி" என்று சேர்க்க வேண்டுமாம். வாசலில் ஒரு கரும்பலகை வைத்து அதைச் சாக்கட்டியால் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.