ஆறு வருடம், ஒரு வட்ட ஊசி செட், ஒரு திருகு

விடுமுறைக்குக் கிளம்பும் தோழி ஒருத்தி கேட்டிருந்தாள்: "வழியில நூல் பின்னுறதுக்கு என்ன எடுத்துட்டுப் போகட்டும்? உன்கிட்ட இருக்கிற அந்தக் கழற்றி மாட்டுற ஊசி செட்டை வாங்கலாமா?" அவள் கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் அந்தச் செட்டின் கேபிள் ஒன்று அதன் உலோகக் கழுத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. எபாக்ஸி பசை வைத்து ஒட்டிவிட்டு, விரலில் காய்ந்ததைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வட்ட ஊசி என்பது வேறொன்றுமில்லை: இரண்டு குட்டி ஊசி முனைகள், நடுவில் அவற்றை இணைக்கிற வளையும் கேபிள். என்னுடைய செட்டில் முனைகள் மரம், 3.5 மில்லிமீட்டரிலிருந்து 8 வரை. வெவ்வேறு நீளத்தில் நான்கு கேபிள்கள். முனையைத் திருகி மாட்டி, கேபிளின் கழுத்தில் இருக்கிற பொடித் துளைக்குள் கம்பி மாதிரியான சாவியை நுழைத்து ஒரு முறுக்கு முறுக்கினால் இறுகிவிடும். இறுகிவிட வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேர் ஊசி இரண்டை வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கைக்காரரின் விலாவைக் குத்தாமல் பின்னுவது கஷ்டம். ஒன்று நழுவினால் இருக்கைக்கு அடியில் உருண்டு போய்விடும். வட்ட ஊசியில் அந்த வம்பே கிடையாது. மர முனை சத்தம் போடாது, ராத்திரி ரயிலில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பின்னலின் பாரம் மணிக்கட்டில் தொங்காமல் மடியில் கிடக்கும்.

இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் வாங்கினேன். எதிர்பாராதது, கூடவே வந்த அந்த இரண்டு மூடிகள். பாதி பின்னிய சால்வை ஊசியில் இருக்கும்போதே விமானம் ஏற வேண்டுமா? முனைகளைக் கழற்றிவிட்டுக் கேபிளின் இரு பக்கமும் மூடியைத் திருகினால் போதும், ஒரு கண்ணிகூட, அதாவது ஒரு நூல் வளையம்கூட, நழுவாது. அமெரிக்காவில் விமான நிலையச் சோதனையை நடத்துகிற டிஎஸ்ஏ பின்னல் ஊசியைக் கைப்பையில் விடுகிறது. ஆனாலும் கடைசி வார்த்தை சோதனை மேசையில் நிற்கிற அதிகாரியுடையதுதான். அவர் பிடுங்கி வைத்துக்கொண்டாலும் போவது இரண்டு மரக்குச்சி. பின்னல் நம்மோடு வரும். இந்த நிம்மதிக்காகவே பல தடவை இந்தச் செட்டை மனதார வாழ்த்தியிருக்கிறேன். (கழுத்தில் மாட்டுகிற பதக்கம் மாதிரியான நூல்வெட்டியை மட்டும் கைப்பையில் போடாதீர்கள். உள்ளே பிளேடு இருப்பதால் அதை விட மாட்டார்கள்.)

இப்போது திருகுக்கு வருகிறேன்.

ஒவ்வொரு வரிசை முடிந்ததும் பின்னலைத் திருப்புகிறோம் அல்லவா, கேபிளும் கூடவே கொஞ்சம் முறுகும். கேபிள் விறைப்பாக இருந்தால் அந்த முறுக்கு நேராகத் திருகுக்குப் போய்ச் சேர்ந்து அதைத் தளர்த்தும். வீட்டில் முனையும் கேபிளும் சேரும் இடத்தைப் பெருவிரல் நகத்தால் தடவிப் பார்த்து, இடைவெளி தட்டுப்பட்டால் இறுக்கிவிடலாம். பயணத்தில் யாருக்கு அது ஞாபகம் இருக்கும்? ஜன்னலுக்கு வெளியே மலை போகும், கை தன்பாட்டில் பின்னும்.

அப்படித்தான் ஒரு வளைவுப் பாதையில், பஸ்ஸில், 240 கண்ணி லேஸ் சால்வை. முதலில் கண்ணிகள் அந்த இணைப்பில் சிக்கின. நூலின் குற்றம் என்று நினைத்து, இழுத்து இழுத்து ஏற்றினேன். அடுத்து வலது கை திடீரென்று லேசானது. முனை மட்டும் கையில், கேபிள் மடியில், நடுவில் ஒரு முப்பது கண்ணி வாய் பிளந்து நிற்கிறது. பஸ் குலுங்கக் குலுங்க ஒவ்வொன்றாகக் கீழே இறங்கியது. லேஸுக்காக நூலை ஊசிமேல் போட்டு வேண்டுமென்றே விட்ட துளைகள் அவிழ்ந்தால் எது கண்ணி, எது துளை என்று எந்தக் கண்ணுக்கும் தெரியாது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை லைஃப்லைனாக, அதாவது அவிழ்வது அதோடு நிற்கிற காப்பு நூலாக, எட்டு வரிசைக்குக் கீழே கோத்து வைத்திருந்தேனோ, பிழைத்தேன். எட்டு வரிசை, ஏறக்குறைய இரண்டாயிரம் கண்ணி, போனது போனதுதான்.

சாவியைச் சரியாகப் போட்டு இறுக்கவில்லை என்பீர்கள். ஆறு வருடமாக அதையேதான் எனக்கு நானும் சொல்லிக்கொள்கிறேன். மூன்று சாவி தொலைத்தேன், சேஃப்டி பின் வைத்துச் சமாளித்தேன், ரப்பர் துண்டால் முனையைப் பிடித்து முறுக்கினேன். நியாயமாகச் சொன்னால் வாரத்துக்கு ஒரு தடவைதான் தளரும். ஆனால் எந்த நாள் என்று சொல்லிவிட்டா தளர்கிறது? கழுத்திலேயே சுழலும் கேபிள் இப்போது வருகிறது, முறுக்கு திருகுக்குப் போகாது. என் செட்டுக்கு அது பொருந்தாது.

சாக்ஸுக்கு இந்தச் செட் ஆகவே ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். சாக்ஸுக்கு நான் எடுப்பது 2.25 மில்லிமீட்டர் ஊசி, இந்தச் செட்டில் மிகச் சின்ன முனையே 3.5. அதற்கென்று 80 சென்டிமீட்டர் நீளத்தில் ஒட்டியே வருகிற வட்ட ஊசி ஒன்று வைத்திருக்கிறேன். மேஜிக் லூப் (நீளக் கேபிளை நடுவில் வளையமாக வெளியே இழுத்துவிட்டுச் சின்னச் சுற்றைப் பின்னுகிற முறை), 64 கண்ணி, 100 கிராம் நூல், கைப்பையின் ஓரத்தில் அடங்கிவிடும். குதிகால் வரும்வரை எண்ணவே வேண்டாம். பயணத்தில் என் கை இறுகும். அதனால் ஊர் சுற்றும்போது பின்னிய சாக்ஸ் வீட்டில் பின்னிய ஜோடியைவிட ஒரு சுற்று சின்னது. அது ஊசியின் தப்பில்லை.

ஆக, மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு அவளுக்கு நான் அனுப்பிய பதில்: வாங்காதே. சாக்ஸ் ஊசி ஒன்று, அடர்நிறம் இல்லாத நூல் ஒரு பந்து, போதும்.

உடனே அவளிடமிருந்து வந்தது: "அப்போ உன்னோடதைக் கொடு, போயிட்டு வந்து தர்றேன்." கொடுக்கிறேன். சாவியை மட்டும் கேட்காதே என்றேன். பின்னல் பையின் ஜிப் இழுப்பு உடைந்து போய், அந்த இடத்தில் இப்போது அதுதான் தொங்குகிறது.