குரோக் பார்க் அருங்காட்சியகமும் அரங்கச் சுற்றும்: ஒரு தடுப்பாட்டக்காரரின் தடத்தில்

டப்ளின் நகரின் குரோக் பார்க் விளையாட்டரங்கில், கியூசக் மாடத்தின் அடியில், அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளான கேலிக் விளையாட்டுகளுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. அதையும், வழிகாட்டி ஒருவர் அழைத்துச் செல்லும் அரங்கச் சுற்றையும் அரை நாள் ஒதுக்கிப் பார்த்தேன். 82,300 பேருக்கு இடமுள்ள அந்த அரங்கைப் பொதுவாகச் சுற்றிவந்தால் அதன் பிரமாண்டம் மட்டுமே நினைவில் தங்கும் என்று எண்ணி, கேலிக் கால்பந்தில் ஆர்மா மாவட்ட அணியின் தலைவராக 2002-இல் அயர்லாந்துக் கோப்பையை வென்ற கீரன் மெக்கீனியின் வாழ்வை மனத்தில் இருத்திக்கொண்டு சென்றேன். இந்தச் சுற்றை அப்படிப் பார்ப்பதே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

கேலிக் கால்பந்தில் அணிக்கு 15 பேர். வலைக்குள் பந்தைச் செலுத்தினால் கோல், அதற்கு 3 புள்ளிகள். குறுக்குக் கம்பத்துக்கு மேலே அனுப்பினால் 2024 வரை 1 புள்ளி. மெக்கீனி அணிந்தது 6-ஆம் எண். தடுப்பு வரிசையின் நடுவில் நின்று, எதிரணித் தாக்குதலின் முதுகெலும்பை முறிக்க வேண்டிய இடம் அது. அங்கு ஆடுபவரின் உழைப்பு புள்ளிப்பட்டியலில் அநேகமாகத் தென்படாது. அதனால்தான் அவர் நடந்த இடங்களை நேரில் பார்ப்பது இவ்வளவு உதவுகிறது.

அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நின்றது, அயர்லாந்துக் கோப்பையான சாம் மகுவையர் கோப்பையின் முன்னால். ஆர்டா என்னும் பழைய திருக்கிண்ணத்தை மாதிரியாகக் கொண்டு வடித்த மூலக் கோப்பை அது. 1928-இல் அதை முதன்முதலில் வென்ற கில்டேர் மாவட்டம், அதன்பின் இன்றுவரை வெல்லவில்லை. ஆட்டக்காரராக ஓய்வு பெற்ற மெக்கீனி முதலில் மாவட்ட அணிப் பயிற்றுநராகப் பொறுப்பேற்றது அந்தக் கில்டேரில்தான். மூலக் கோப்பைக்கு ஓய்வளித்து 1988 முதல் புதிய கோப்பை வழங்கப்படுவதால், அவர் கையில் ஏந்தியது இரண்டாவது கோப்பை.

சுற்றின் உயிர்நாடி உடைமாற்றும் அறை. பெஞ்சில் அமர்ந்து 2002 இறுதிப் போட்டியின் இடைவேளையை நினைத்துப் பார்த்தேன். 1953, 1977 ஆகிய இரு இறுதிகளிலும் தோற்ற ஆர்மா, அன்று கெர்ரிக்கு எதிராக 11-க்கு 7 என்று பின்தங்கியிருந்தது. தண்டனை உதை (பெனால்டி) ஒன்றையும் ஆர்மாவின் ஒஷீன் மெக்கான்வில் தவறவிட்டிருந்தார். 1977-இல் தாமே ஆடித் தோற்றபோது கிடைத்த நினைவுப் பட்டயத்தை வீரர்கள் முன் காட்டிய பயிற்றுநர் ஜோ கெர்னன், அதைச் சுவரை நோக்கி வீசியெறிந்தார் என்பது அயர்லாந்தில் பலரும் அறிந்த செய்தி. அடுத்த பாதியில் கெர்ரிக்குக் கிடைத்தவை 3 புள்ளிகள் மட்டுமே. மெக்கான்வில்லின் கோலை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வெற்றி ஒரே ஒரு புள்ளியில் அமைந்தது என்பதால், அந்தப் பூட்டிய தடுப்பு வரிசையையும் அதே அளவு போற்ற வேண்டும் என்பேன். அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராக மெக்கீனி தேர்ந்தெடுக்கப்பட்டது எனக்கு முழு நியாயமாகப் படுகிறது. இவர்கள் யாருக்கும் ஆடுவதற்குச் சம்பளம் இல்லை.

ஆடுகளத்தின் ஓரத்துக்கு வந்தபின் ஹோகன் மாடம் கண்ணை நிறைக்கிறது. வென்ற அணித்தலைவர்கள் கோப்பையை உயர்த்துவது அங்கேதான். 1920 நவம்பர் 21 அன்று இதே மைதானத்தில் பிரிட்டிஷ் படைகள் சுட்டதில் 14 பேர் மாண்டனர். அவர்களுள் ஒருவரான டிப்பரெரி வீரர் மைக்கேல் ஹோகனின் பெயர்தான் அந்த மாடத்துக்கு. அவரும் ஒரு தடுப்பாட்டக்காரரே. அதை அறிந்தபின் என்னால் சற்று நேரம் பேச முடியவில்லை.

மெக்கீனிக்கு இந்த மைதானம் எப்போதும் இனிமையாக இருக்கவில்லை. 2003 இறுதியில் அண்டை மாவட்டமான டிரோனிடம் 12-க்கு 9 என்று ஆர்மா தோற்றது. பின்னாளில் ஆர்மாவின் பயிற்றுநராக வந்த அவர், 2022 முதல் 2024 வரை நான்கு முக்கிய ஆட்டங்களைத் தண்டனை உதைகளில் இழந்தார். பத்தாவது பருவமான 2024-இல், ஜூலை 28 அன்று கால்வே அணியை மீண்டும் ஒரே புள்ளியில் வென்றார். அன்றைய கோலை அடித்த ஆரன் மெக்கே தடுப்பு வரிசைக்காரர். கோப்பையை வழங்கியவர் கேலிக் விளையாட்டுச் சங்கத் தலைவர் ஜார்லத் பேர்ன்ஸ். 1999-இல் மெக்கீனி ஆடிய ஆர்மா அணிக்குத் தலைவராக இருந்தவர் அவர்.

போக விரும்புவோர் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுச் சுற்றில் சேர்வது நல்லது. கோப்பையின் கதை தெரிந்தபின் உடைமாற்றும் அறை வெறும் அறையாகத் தோன்றாது. குழந்தைகளுடன் செல்வோர், பந்தை உதைத்தும் பிடித்தும் பழகிப் பார்க்கும் விளையாட்டுப் பகுதிக்கெனத் தனியாக நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.